அசைய மறுத்த இதயம்

மாணவர்களே, பின்வரும் சூழலைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள்.

இடைநிலைப்பள்ளி ஒன்றில் பயிலும் நான்காம் படிவ மாணவர் நால்வர் ‘மனித இதயம்’ எனும் தலைப்பில் ஒரு மின்கற்றல் பாடத்தை உருவாக்குகின்றனர். அறிவியல் வாரத்தின்போது அப்பாடத்தை முதலாம் படிவ மாணவர்களுக்கு அவர்களே கற்பிக்க வேண்டும். மூன்று வாரம் உழைத்துப் பன்னிரண்டு படவில்லைகளைத் தயாரித்துவிட்டனர். அவற்றுள் ஏழாவது படவில்லைதான் பாடத்தின் உயிர். அதிலுள்ள பொத்தானை அழுத்தினால், துடிக்கும் இதயம் ஒன்று திரையில் தோன்றும். இதய அறைகளைச் சொடுக்கினால் அவற்றின் பெயர்கள் தெரியும். ‘மெதுவாக’ எனும் பொத்தானை அழுத்தினால் துடிப்பின் வேகம் குறையும். இரத்தம் எந்த அறையிலிருந்து எங்குப் பாய்கிறது என்பதைப் படிப்படியாகக் காணலாம். கணினி அறையில் முதலாம் படிவ மாணவர் ஒவ்வொருவரும் தம் முன் உள்ள கணினியில் அந்த இதயத்தை இயக்கிப் பார்க்க வேண்டும் என்பதே திட்டம்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் பிற்பகல். விரலியில் சேமித்துக் கொண்டுவந்த பாடத்தை மாணவர்கள் கணினி அறையில் ஓட்டிப் பார்க்கின்றனர். ஆறு படவில்லைகள் சிக்கலின்றி நகர்கின்றன. ஏழாவது படவில்லையில் பொத்தானை அழுத்துகின்றனர். இதயம் தோன்றவில்லை. குறிப்பிட்ட கோப்பைத் திறக்க இயலவில்லை எனும் அறிவிப்பு மட்டுமே தோன்றுகிறது. மீண்டும் அழுத்துகின்றனர். மீண்டும் அதே அறிவிப்பு.

“இந்தக் கணினி பழையது, அதுதான் காரணம்,” என்கிறார் ஒருவர். “பவர்பாயிண்ட் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுவோம்,” என்கிறார் மற்றொருவர். மூன்றாமவர் அந்தப் படவில்லையையே அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யலாம் என்று விசைப்பலகையைத் தம் பக்கம் இழுக்கிறார். “ஏழாவது படவில்லையை விட்டுவிடுவோம், யாருக்குத் தெரியப் போகிறது?” என்று சோர்ந்து அமர்கிறார் நான்காமவர்.

பின்னால் நின்றிருந்த அறிவியல் ஆசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்: “பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே எதைச் சரிசெய்யப் போகிறீர்கள்?”

அக்கேள்விக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

அசைவூட்டம் ஏன் தேவை?

முதலில், நான்காமவரின் யோசனையை எடுத்துக்கொள்வோம். ஏழாவது படவில்லை இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? இதயத்தின் நிலைப்படம் ஒன்று போதாதா?

நிலைப்படத்தில் நான்கு அறைகளும் தெரியும். இரத்தம் செல்லும் வழியை அம்புக்குறிகள் காட்டும். வலக் கீழறை இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடக் கீழறை அதை உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. அம்புக்குறிகளை வரிசையாகப் பார்க்கும் மாணவர், வலப்பக்கம் முதலில் சுருங்குகிறது என்றும், அது முடிந்த பிறகே இடப்பக்கம் சுருங்குகிறது என்றும் எண்ணிவிடக்கூடும். உண்மை அதுவன்று. இரு மேலறைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. அதன்பின் இரு கீழறைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. ‘ஒரே நேரத்தில்’ என்பதை அம்புக்குறியால் எளிதில் காட்ட இயலாது. அசைவால் காட்ட இயலும்.

அசைவூட்டத்திலும் இருவகை உண்டு. ஒன்று, தொடக்கம் முதல் முடிவு வரை தானே ஓடுவது. மற்றொன்று, கற்பவரின் செயலுக்கேற்ப மாறுவது. பின்னதையே ஊடாடும் அசைவூட்டம் என்கிறோம். வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகும், இந்த வால்வு மூடாவிட்டால் என்ன ஆகும் என்று மாணவர் தாமே வினவி, தாமே விடை காண அது இடமளிக்கிறது. இவ்வகைக் கற்றலுக்கு நல்ல எடுத்துக்காட்டாகத் திகழ்வது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஃபெட்’ திட்டமாகும். இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அதனைத் தோற்றுவித்தார். மின்சுற்று, அலை, விசை போன்றவற்றை மாணவர்கள் திரையிலேயே சோதித்துப் பார்க்க ஃபெட் உருவகங்கள் உதவுகின்றன.

ஆக, ஏழாவது படவில்லை வெறும் அலங்காரமன்று. அது இயங்காவிட்டால் பாடத்தின் மையக் கருத்தே மாணவரைச் சென்று சேராது.

ஒரு சங்கிலி, ஐந்து கண்ணிகள்

திரையில் அசைவூட்டம் ஒரே பொருளாகத் தோன்றுகிறது. உண்மையில் அது ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தாலும் அசைவூட்டம் நின்றுவிடும்.

முதல் கண்ணி கோப்பு. அசைவூட்டத்திற்குரிய படங்களும் ஒலிகளும் கட்டளைகளும் கோப்புகளில் உள்ளன. பதிவிறக்கம் பாதியில் நின்றாலோ, விரலியைச் சரிவர வெளியேற்றாமல் பிடுங்கினாலோ கோப்பு சிதைந்துவிடலாம்.

இரண்டாம் கண்ணி பாதை. கோப்பு எங்கே இருக்கிறது என்பதைப் படவில்லை அறிந்திருக்க வேண்டும். இங்கே இணைத்தலுக்கும் உட்பொதித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் புரிந்துகொள்வது அவசியம். உறவினரின் முகவரியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது இணைத்தல். அவரை வீட்டுக்கே அழைத்துவந்து தங்கவைப்பது உட்பொதித்தல். முகவரியை மட்டும் வைத்திருந்தால், உறவினர் வீடு மாறியதும் அவரைக் காண இயலாது. அதுபோலவே, இணைக்கப்பட்ட கோப்பை வேறு கோப்புறைக்கு மாற்றினாலோ, அதன் பெயரைத் திருத்தினாலோ, பாடத்தை மட்டும் வேறு கணினிக்கு எடுத்துச் சென்றாலோ இணைப்பு அறுந்துவிடும்.

பாதையில் மற்றொரு நுட்பமும் உண்டு. விண்டோஸ் கணினியில் கோப்புப் பெயரின் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பொதுவாக ஒன்றாகவே கருதப்படும். ஆனால், இணையத்தளங்களைத் தாங்கி நிற்கும் லினக்ஸ் வழங்கிகளில் அவை வெவ்வேறு பெயர்கள். எனவே, வீட்டுக் கணினியில் சரியாகத் தெரிந்த படம், பாடத்தை இணையத்தில் ஏற்றியதும் மறைந்துபோகலாம். கோப்புப் பெயர்களைச் சிறிய எழுத்துகளிலேயே, இடைவெளியின்றி எழுதுவது நல்ல பழக்கம்.

மூன்றாம் கண்ணி இயக்கும் மென்பொருள். கோப்பும் பாதையும் சரியாக இருந்தாலும், அதைப் படித்து இயக்கும் மென்பொருள் கணினியில் இருக்க வேண்டும். ஒரு மென்பொருளில் செய்த அசைவூட்டம் மற்றொன்றில் அப்படியே இயங்கும் என்று எதிர்பார்க்க இயலாது. பவர்பாயிண்ட் பாடத்தைப் பி.டி.எஃப். கோப்பாக மாற்றினால் அசைவுகள் அனைத்தும் நின்று, வெறும் படங்களே எஞ்சும். வேறொரு நிறுவனத்தின் படவில்லை மென்பொருளில் திறந்தால் சில அசைவுகள் மாறலாம்; சில மறைந்தும்விடலாம்.

நான்காம் கண்ணி அனுமதி. தீய நிரல்களிலிருந்து பயனரைக் காக்க, கணினியும் உலாவியும் சிலவற்றைத் தடுத்து வைக்கின்றன. மின்னஞ்சலில் வந்த படவில்லைக் கோப்பு முதலில் பாதுகாப்புப் பார்வையில் திறக்கும். அப்போது அதன் செயல்படும் பகுதிகள் முடக்கப்பட்டிருக்கலாம். குரோம் உலாவி 2018-ஆம் ஆண்டு முதல், பயனர் எதையும் சொடுக்காத நிலையில் பக்கங்கள் ஒலியுடன் தாமாக ஓடுவதைப் பெரும்பாலும் தடுக்கிறது. பாதுகாப்பான இணைப்புள்ள பக்கத்திற்குள் பாதுகாப்பற்ற முகவரியிலுள்ள அசைவூட்டத்தைப் பொதித்தால், அதையும் உலாவி காட்ட மறுக்கும். இவை பழுதுகள் அல்ல, காவல் ஏற்பாடுகள். அவற்றை அறியாதவருக்கு மட்டுமே அவை பழுதாகத் தோன்றுகின்றன.

ஐந்தாம் கண்ணி கருவி. திரையின் அளவு, ஒலிபெருக்கி, நினைவகம், கணினியிலுள்ள எழுத்துரு ஆகியவை இதில் அடங்கும். தமிழில் பாடம் தயாரிப்போர் எழுத்துருவில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். ஒருங்குறி பரவுவதற்குமுன் உருவான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்து வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழ் அழகாகத் தெரியும். அது இல்லாத கணினியிலோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் தனி எண் உண்டு. ஆதலால், ஒருங்குறியில் தட்டச்சு செய்த பாடம் கணினி மாறினாலும் தமிழாகவே இருக்கும்.

உலகம் முழுவதும் அறுந்த ஒரு கண்ணி

மூன்றாம் கண்ணி அறுந்ததால் ஏற்பட்ட பேரிழப்பு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும்.

1996-ஆம் ஆண்டு ஃபியூச்சர்ஸ்பிளாஷ் எனும் அசைவூட்ட மென்பொருள் வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் அதனை வாங்கி, ஃபிளாஷ் எனப் பெயரிட்டது. 2005-ஆம் ஆண்டு அடோபி நிறுவனம் மேக்ரோமீடியாவை வாங்கியது. குறைந்த கோப்பளவு, வரைவதற்கு எளிமை, பொத்தான்களுக்குக் கட்டளை எழுதும் வசதி ஆகியவற்றால் ஆசிரியர்களும் பாட மென்பொருள் தயாரிப்போரும் ஃபிளாஷை விரும்பினர். பவர்பாயிண்ட் படவில்லைக்குள்ளும் ஃபிளாஷ் கோப்புகளை வைத்து இயக்க முடிந்தது. மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு 87 பள்ளிகளில் விவேகப் பள்ளித் திட்டத்தின் முன்னோட்டம் தொடங்கியது. கணினிவழிப் பாடங்கள் நம் வகுப்பறைகளில் வேரூன்றத் தொடங்கிய காலம் அது.

ஆயினும், ஃபிளாஷ் இயங்கத் தனி இயக்கி தேவைப்பட்டது. அதில் பாதுகாப்புக் குறைகள் அடிக்கடி கண்டறியப்பட்டன. 2007-இல் வெளிவந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. 2010-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களை விளக்கி ஒரு திறந்த மடல் வெளியிட்டார். தனி இயக்கி இல்லாமலேயே உலாவியில் அசைவூட்டத்தையும் காணொளியையும் இயக்கவல்ல எச்.டி.எம்.எல்.5, 2014-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் உலகளாவிய வலைத் தரமாக ஏற்கப்பட்டது. 2017-இல், மூன்றாண்டுகளில் ஃபிளாஷ் இயக்கிக்கான ஆதரவை நிறுத்தப்போவதாக அடோபி அறிவித்தது. அதன்படி 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அவ்வியக்கி ஃபிளாஷ் கோப்புகளை இயக்க மறுத்தது.

அக்காலக்கட்டத்தை எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டு, மாணவர்கள் வீட்டிலிருந்தே கற்றனர். மின்கற்றல் வளங்கள் மிகுதியாகத் தேவைப்பட்ட அக்காலத்திலேயே, பல்லாண்டுகளாக ஆசிரியர்கள் சேர்த்து வைத்திருந்த ஃபிளாஷ் பாடங்கள் இயக்கும் மென்பொருளை இழந்தன. கோப்புகள் அழியவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைப் படிக்கவல்ல மென்பொருள்தான் இல்லாமற்போனது.

இருந்தும், அனைத்தும் மறைந்துவிடவில்லை. தன்னார்வலர்கள் ‘ரஃபிள்’ எனும் திறந்தமூல மென்பொருளை உருவாக்கினர். பழைய இயக்கி இல்லாமலேயே பல ஃபிளாஷ் கோப்புகளை உலாவியில் அது இயக்குகிறது. இணைய ஆவணக் காப்பகமான ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ 2020 நவம்பரில் ரஃபிளின் துணையோடு ஃபிளாஷ் அசைவூட்டங்களையும் விளையாட்டுகளையும் பாதுகாக்கத் தொடங்கியது. ஃபெட் திட்டத்தினரோ தங்கள் பழைய உருவகங்களை ஒவ்வொன்றாக எச்.டி.எம்.எல்.5 வடிவில் மீண்டும் உருவாக்கி வருகின்றனர். தனியொரு நிறுவனத்தின் இயக்கியை மட்டுமே நம்பிய பாடங்கள் அந்த இயக்கியோடு முடங்கின. திறந்த தரத்திற்கு மாற்றப்பட்ட பாடங்கள் இன்றும் உயிரோடுள்ளன.

பழுதைத் தேடும் முறை

நோயாளியைக் கண்டவுடன் மருத்துவர் மருந்து கொடுப்பதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்கிறார். காரணத்தை ஊகித்து, சோதித்து உறுதிசெய்த பிறகே மருந்து தருகிறார். அசைவூட்டத்தின் பழுதைத் தேடுபவரும் அவ்வாறே செயல்பட வேண்டும். அதற்குப் பின்வரும் படிநிலைகள் உதவும்.

1. படியெடுத்தல்: மூலக் கோப்பைத் தொடாதீர்கள். அதன் நகலில் மட்டுமே சோதனைகளைச் செய்யுங்கள்.

2. அறிவிப்பைப் படித்தல்: திரையில் தோன்றும் அறிவிப்பை அவசரமாக மூடிவிடாமல் முழுமையாகப் படித்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்பதும் ‘இந்த வகைக் கோப்பு ஏற்கப்படவில்லை’ என்பதும் வெவ்வேறு கண்ணிகளைச் சுட்டுகின்றன.

3. ஒப்பிடுதல்: இதே பாடம் எங்கே இயங்குகிறது, எங்கே இயங்கவில்லை? அவ்விரு இடங்களுக்கும் இடையில் என்ன வேறுபாடு? பழுது பெரும்பாலும் அந்த வேறுபாட்டிலேயே ஒளிந்திருக்கும்.

4. பிரித்துப் பார்த்தல்: அசைவூட்டத்தைப் படவில்லையிலிருந்து பிரித்துத் தனியே திறந்து பாருங்கள். தனியே இயங்கினால், குறை படவில்லையிலோ பாதையிலோ இருக்கிறது. தனியேயும் இயங்காவிட்டால், குறை கோப்பிலோ, இயக்கும் மென்பொருளிலோ, அனுமதியிலோ இருக்கிறது. ஒரே சோதனையில் தேட வேண்டிய பரப்பு குறைந்துவிடுகிறது.

5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்: ஒரே சமயத்தில் மூன்று மாற்றங்களைச் செய்து, அசைவூட்டம் இயங்கிவிட்டால், எது பழுதை நீக்கியது என்று தெரியாது. ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள், சோதியுங்கள். பயனில்லை எனில் அதை முன்பிருந்தபடியே மாற்றிவிட்டு, அடுத்ததைத் தொடங்குங்கள்.

6. குறிப்பெடுத்தல்: செய்த மாற்றத்தையும் கிடைத்த விளைவையும் ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்த முறை அதே பழுது நேர்ந்தால், உங்களுக்கோ பிறருக்கோ அக்குறிப்பு கைகொடுக்கும்.

மீண்டும் கணினி அறைக்கு

நம் மாணவர்கள் இம்முறையைப் பின்பற்றினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

“இதே பாடம் வேறு எங்காவது இயங்கியதா?” என்று ஆசிரியர் கேட்கிறார்.

“என் மடிக்கணினியில் நன்றாக இயங்கியது, ஐயா. நேற்றிரவுகூடப் பார்த்தேன்,” என்கிறார் பாடத்தைத் தொகுத்த மாணவி. அனுமதி பெற்றுக் கொண்டுவந்திருந்த மடிக்கணினியைத் திறந்து பொத்தானை அழுத்துகிறார். இதயம் துடிக்கிறது. எனவே, அசைவூட்டக் கோப்பில் பழுதில்லை.

“விரலியில் என்னென்ன இருக்கின்றன?”

விரலியில் இருப்பது படவில்லைக் கோப்பு ஒன்று மட்டுமே. அசைவூட்டம் மடிக்கணினியின் முகப்புத் திரையிலுள்ள வேறொரு கோப்புறையில் கிடக்கிறது. பொத்தானில் இருந்ததோ அதன் முகவரி மட்டுமே. அம்முகவரி பள்ளிக் கணினியில் எங்கே இருக்கும்? அறுந்தது இரண்டாம் கண்ணி. மாணவர்கள் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, படவில்லைக் கோப்பையும் அசைவூட்டக் கோப்புகள் அனைத்தையும் அதனுள் வைக்கின்றனர். பொத்தானுக்கு அங்கிருந்தே மீண்டும் இணைப்புக் கொடுக்கின்றனர். முழுக் கோப்புறையையும் விரலியில் நகலெடுத்துப் பள்ளிக் கணினியில் சேமிக்கின்றனர். பொத்தானை அழுத்தியதும் இதயம் துடிக்கிறது. நால்வரும் கைதட்டுகின்றனர்.

கைதட்டல் நீடிக்கவில்லை. இதய அறைகளைச் சொடுக்கினால், பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. இம்முறை யாரும் பதறவில்லை. “மடிக்கணினியில் தமிழ் தெரிகிறது, இங்கே தெரியவில்லை. வேறுபாடு எழுத்துருவாகத்தான் இருக்க வேண்டும்,” என்கிறார் முன்பு சோர்ந்து அமர்ந்த மாணவர். பெயர்கள் பழைய பாடம் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவை. அதற்குரிய பழைய எழுத்துரு மடிக்கணினியில் மட்டுமே நிறுவப்பட்டுள்ளது. நான்கு பெயர்களையும் ஒருங்குறியில் மீண்டும் தட்டச்சு செய்கின்றனர். தமிழ் தெரிகிறது.

இன்னும் ஒரு குறை. இதயத் துடிப்பின் ஒலி கேட்கவில்லை. ஒலிபெருக்கியைச் சோதிக்கின்றனர், வேறொரு பாடல் நன்றாக ஒலிக்கிறது. எனவே, கருவியில் குறையில்லை. அசைவூட்டத்தின்மீது ஒருமுறை சொடுக்கியதும் ஒலி எழுகிறது. உலாவியின் காவல் ஏற்பாடு அது என்பதை உணர்ந்து, அசைவூட்டத்தின் முகப்பில் ‘தொடங்கு’ எனும் பொத்தானை அமைக்கின்றனர். மாணவர் அதை அழுத்திய பிறகே துடிப்பும் ஒலியும் தொடங்கும்.

ஒரே அசைவூட்டம், மூன்று பழுதுகள், மூன்று வெவ்வேறு கண்ணிகள். மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவியிருந்தால் இம்மூன்றில் ஒன்றுகூட நீங்கியிருக்காது. படவில்லையை அழித்துப் புதிதாகச் செய்திருந்தால், அடுத்த கணினியில் அதே பழுதுகள் மீண்டும் தலைகாட்டியிருக்கும்.

பாடம் நிற்கக் கூடாது

மாணவர்கள் எல்லாக் கணினிகளிலும் பாடத்தைச் சோதிக்கின்றனர். இரண்டு கணினிகளில் மட்டும் உலாவி மிகப் பழையது. அதில் இதயம் தோன்றவில்லை. புதுப்பிக்க நேரமில்லை. “இனி என்ன செய்வது, ஐயா?” என்று கேட்கின்றனர்.

ஆசிரியர் இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை ஒரே நேரத்தில் மடக்கி முட்டியாக்குகிறார். பிறகு விரல்களை விரிக்கிறார். மீண்டும் மடக்குகிறார். “இதுவும் இதயம்தான். வலக்கை நுரையீரலுக்கு, இடக்கை உடலுக்கு. இரண்டும் ஒன்றாக மூடுகின்றன, பார்த்தீர்களா?”

நால்வரும் தங்கள் கைகளை விரித்து மூடிப் பார்க்கின்றனர். இதயம் தோன்றாத அவ்விரு கணினிகளின் முன் அமரும் மாணவர்களைப் பக்கத்துக் கணினியோடு இணைத்துவிடவும், கைமுட்டி இதயத்தை எல்லாருக்கும் முதலிலேயே செய்துகாட்டவும் முடிவெடுக்கின்றனர். அசைவூட்டத்தின் நான்கு நிலைகளைப் படங்களாகச் சேமித்து, எட்டாவது படவில்லையில் வைக்கின்றனர். மறுநாள் மின்சாரமே தடைப்பட்டாலும், இரு கீழறைகளும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன என்பதை அறியாமல் எந்த மாணவரும் வகுப்பைவிட்டுப் போகமாட்டார்.

மின்கற்றல் பாடம் தயாரிக்கும்போது நீங்களும் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். தொடர்புடைய எல்லாக் கோப்புகளையும் முதலிலேயே ஒரே கோப்புறையில் வைத்து, அதன் பிறகே இணைப்புக் கொடுங்கள். தமிழை ஒருங்குறியில் எழுதுங்கள். திறந்த தரத்தில் அமைந்த வடிவங்களைத் தேர்ந்தெடுங்கள். பாடம் நடக்கவிருக்கும் கணினியிலேயே முன்கூட்டிச் சோதியுங்கள். எந்த மென்பொருளில், எப்போது செய்யப்பட்டது என்பதைச் சிறு குறிப்பாகக் கோப்புறையிலேயே வையுங்கள். அசைவூட்டம் இயங்காவிட்டால் அக்கருத்தை எப்படி விளக்குவது என்பதையும் திட்டமிட்டு வையுங்கள்.

இன்று நாம் பயன்படுத்தும் மென்பொருளும் ஒருநாள் பழையதாகிவிடும். அப்போதும், பழுது எங்கே என்று பொறுமையாகக் கேட்டுத் தேடும் பழக்கம் உங்களோடு இருக்கும். உள்ளங்கைகளை விரித்து மூடிக் காட்டிய அந்த இதயமும் மறக்காது.

சிந்தித்து விடையளிக்கவும்

1. இணைத்தலுக்கும் உட்பொதித்தலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. 2021-இல் ஃபிளாஷ் பாடங்கள் இயங்காமற்போனதற்கு ஐந்து கண்ணிகளுள் எது காரணம்? ஏன்?

3. மாணவர்கள் சந்தித்த மூன்று பழுதுகளையும் அவற்றைக் கண்டறிந்த முறையையும் அட்டவணைப்படுத்துக.

4. ‘ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்’ எனும் கொள்கை, அறிவியல் பரிசோதனைக்கு எவ்வாறு பொருந்துகிறது? குழுவில் கலந்துரையாடுக.

5. உங்களுக்குப் பிடித்த அறிவியல் கருத்து ஒன்றை, கணினியின் துணையின்றி உடலசைவால் விளக்கும் வழியைத் திட்டமிட்டு வகுப்பில் செய்துகாட்டுக.